சீக்கிரம் என்று சொன்னேன்

முப்பது நிமிடம். டைமரை அழுத்திவிட்டேன், இருபத்தொன்பது ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, இனி நான் செய்ய ஒன்றும் இல்லை, தட்டு இன்குபேட்டருக்குள் இருட்டில் உடம்புச் சூட்டில் இருக்கிறது, அதன்மேல் ஊற்றிய சாயம் மெதுவாக ஜெல்லுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருக்கும் செல் பச்சையாகத் தெரியும், செத்தது சிவப்பாகத் தெரியும், அவ்வளவுதான் கணக்கு. ஜெல்லில் செல் கலந்து அச்சடித்து இது ஏழாம் நாள். ஏழு நாளும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து பார்த்தேன், வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கட்டைவிரல் நகம் அளவு ஒரு கலங்கலான சதுரம், நுங்கு மாதிரி, அதற்குள் லட்சக்கணக்கில் செல்கள், இருக்கின்றனவா செத்தனவா என்று அது சொல்லாது. ஓரம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். நடுதான் சாகும். போன மூன்று தடவையும் நடுதான் செத்தது. இன்று பிளேடால் சரியாகக் குறுக்கே வெட்டி நடுவை மேலே வைத்துச் சாயம் ஊற்றியிருக்கிறேன், அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் வராந்தாவில் நின்று அண்ணனோடு போனில் பேசிவிட்டு வந்திருந்தேன். "ஏட்டி பியூலா, அப்பா கையெழுத்து போட மாட்டேங்காவ" என்றான். ஜெபசிங் அண்ணன் பதறுகிற ஆள் இல்லை, அவன் குரல் அப்படி ஒல்லியாகப் போய் நான் கேட்டதில்லை. "பாதிப் பாதத்த எடுக்கணும்ங்காரு டாக்டரு. நாலு மணிக்குள்ள முடிவு சொல்லணுமாம். ரெண்டு நாள் தள்ளுனா முட்டிக்குக் கீழயே போயிரும்னு சொல்லுதாரு. இவிய என்னன்னா, எம் மவ தோலு அச்சடிக்கா, அது வரட்டும்னு கெடக்காவ. நீ சொன்னாத்தான் கேப்பாவ." நான் என்ன சொன்னேன்? "ஒரு மணி நேரத்துல கூப்பிடுதேண்ணே" என்றேன்.

ஏன் ஒரு மணி நேரம். அதுதான் இப்போது புரியவில்லை. இருபத்தேழு நிமிடம் நாற்பது வினாடி. சாயம் ஏறி, மைக்ரோஸ்கோப் அறைக்குப் போய், பார்த்து, படம் எடுத்து, ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் இந்தத் தட்டுக்கும் அப்பாவின் காலுக்கும் என்ன சம்பந்தம்? நடு பச்சையாக இருந்தால் அப்பாவிடம் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லப் போகிறேனா? இல்லை. சிவப்பாக இருந்தால் போடுங்கள் என்று சொல்லப் போகிறேனா? பச்சையோ சிவப்போ, சொல்ல வேண்டியது ஒன்றுதான், அது காலையிலும் தெரியும், போன மாதமும் தெரியும், கிறிஸ்மஸுக்கும் தெரியும். கிறிஸ்மஸுக்குத் தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அப்பா நாசரேத்து வீட்டில் முன்னறைக் கட்டிலில் காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கட்டின் மேல் மஞ்சளாகக் கசிந்திருந்தது, நான் பேச்சை மாற்றத்தான் போனில் அந்த வீடியோவைக் காட்டினேன், பிரிண்டரின் ஊசிமுனை இடவலமாக ஓடி ஓடிக் கோடு கோடாகச் செல் கலந்த மை இறக்குகிற வீடியோ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு தடவை பார்த்தார். "இது தோலா எம்மா?" "ஒரு மாதிரி தோல்தாம்பா." "எதுல செய்யுதிய?" "ஜெலட்டின். பன்னித் தோல வேகவச்சு எடுக்கதுப்பா." ஒரே சிரிப்பு. "திங்கதும் பன்னி, தோலும் பன்னியா?" என்று அடுக்களைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், அம்மாவும் சிரித்தாள், பல நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பின் வாலில்தான் கேட்டார், "மனுசனுக்கு எப்ப வைப்பாவ?" நான் சொன்னேன், "சீக்கிரம் வந்துரும்பா." சீக்கிரம். எவ்வளவு சின்ன வார்த்தை. சோறு சீக்கிரம் வந்துரும், பஸ்ஸு சீக்கிரம் வந்துரும். இருபத்தொன்பது வருஷம் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் பஸ் ஓட்டியவருக்குச் சீக்கிரம் என்றால் ஒரு அளவு உண்டு. எனக்கு அளவே இல்லாமல் போயிற்று.

கையைக் கழுவலாம். கழுவியாயிற்று, மறுபடி கழுவலாம். ஸ்பிரிட் வாசனை. ஜெலட்டின் கரைக்கும்போது இந்த அறையில் வேறொரு வாசனை வரும், எலும்பு சூப்பு ஆறிப்போன வாசனை, முதல் வருஷம் அது என் தலைமுடியிலேயே இருந்தது. இப்போது மூக்கு அதைக் கவனிப்பதில்லை. வெள்ளைத் தூள்தான், சூட்டில் கரைந்து தண்ணீராகும், குளிர்ந்தால் கட்டியாகும், மனித உடம்பின் சூட்டுக்கே உருகிவிடும், அதனால் அதன்மேல் சின்னச் சின்ன ரசாயனக் கொக்கிகளை மாட்டிவிட்டு, அச்சடித்ததும் ஊதா வெளிச்சத்தைக் காட்ட வேண்டும், கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் பிறகு உருகாது. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் இதை முதல் நாள் இரண்டு நிமிடத்தில் சொன்னார், சரியாகச் செய்ய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. சிரிஞ்சில் ஒரு டிகிரி கூடினால் மை ஒழுகுகிறது, ஒரு டிகிரி குறைந்தால் ஊசி அடைக்கிறது, அடைத்தால் அழுத்தத்தைக் கூட்டுகிறோம், கூட்டினால் செல் ஊசிமுனையில் நசுங்கிச் சாகிறது. கெட்டியாக வைத்தால் செல்லுக்குக் கை கால் நீட்ட இடமில்லை, இளக்கமாக வைத்தால் அடுக்கு சரிகிறது. எல்லாம் சரியாக வந்தாலும் தடிமன் கூடினால் நடுவுக்குச் சாப்பாடு போகாது, காற்றுப் போகாது, ஓரத்தில் இருப்பவை தின்று கொழுக்க நடுவில் இருப்பவை செத்துக் கிடக்கும். அதற்குத்தான் இந்தத் தடவை வழி வைத்தேன். கொக்கி மாட்டாத வெறும் ஜெலட்டினை மெல்லிய இழைகளாக நடுவே ஓடவிட்டேன், சுற்றிலும் செல் கலந்த மை, பிறகு வெளிச்சம், பிறகு இன்குபேட்டர், உள்ளே சூடு ஏற ஏற வெறும் ஜெலட்டின் இழைகள் உருகி வழிந்து வெளியே போய்விடும், அவை கிடந்த இடம் சுரங்கமாகும், அதன் வழியே ஊட்டம் நடுவுக்குப் போகும். போக வேண்டும். போயிருக்கும். எட்டு இழை வைத்தேன், இரண்டு அடைத்துக்கொண்டது, ஆறு திறந்திருந்தது, ஆறு போதுமா? ஆறு வழி. அப்பாவின் கால் ரத்தக்குழாயை ஸ்கேன் எடுத்த டாக்டர் என்ன சொன்னார் என்று அண்ணன் சொன்னான், மூன்று வழியில் இரண்டு அடைத்துவிட்டது என்று. ஒன்று திறந்திருக்கிறது. வேண்டாம், அதை இதோடு சேர்க்காதே பியூலா. அது கால், இது தட்டு. எத்தனை தடவை சொல்லியும் மூளை இரண்டையும் ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்கிறது.

பதினெட்டு நிமிடம். அந்தக் கால் எங்கே ஆரம்பித்தது. செப்டம்பரில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன விருந்தில். ஊர் முழுக்கப் பந்தியில் உட்கார்ந்திருக்க, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் சாம்பார் வாளியோடு சிமிண்டுத் தரையில் நடந்திருக்கிறார், மத்தியான வெயிலில் அந்தத் தரை தோசைக்கல், மற்றவர்கள் தத்தித் தத்தி நிழலுக்கு ஓட அப்பா மட்டும் நிதானமாக நடந்து பரிமாறினார் என்று மெச்சினார்களாம். சர்க்கரை உணர்ச்சியைத் தின்றுவிட்டது, அவருக்குச் சுடவே இல்லை. வீட்டுக்கு வந்து முற்றத்திலிருந்து அடுக்களை வரை நடந்தபோது ஒரு காலின் தடம் மட்டும் ஈரமாக இருந்ததை அம்மாதான் பார்த்தாள், "காலு கழுவிட்டா வாறிய?" என்று கேட்டாள், கழுவவில்லை. பிறகு கொப்புளம், பிறகு புண், பிறகு மாதக்கணக்கில் கட்டு. ஜனவரியில் டாக்டர் இரண்டு விரலை எடுத்துவிட்டால் போதும் என்றார். ஜனவரியில் இரண்டு விரல்தான். அதற்கு அப்பா, "விரல எடுத்துட்டா அப்புறம் எம் மவ அடிச்சிக் குடுக்க தோல எங்க கொண்டு போயி ஒட்ட?" என்று கேட்டாராம். அண்ணன் அதைப் போனில் வேடிக்கையாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு, அது எங்கே நடந்தது, இதோ இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையில் போன், வலது கையில் பைப்பெட், சிரித்துவிட்டு, "அப்பா தமாசு" என்றுகூடச் சொன்னேன். தமாசு இல்லை என்று அப்போதே தெரிந்தது, தெரிந்த இடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனேன், ஏனென்றால் அப்பா ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நர்ஸிடம், பக்கத்துக் கட்டில்காரரிடம், அந்த வீடியோவைக் காட்டிக் காட்டி. எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, தலைக்குள்ளேயேகூட. பிடித்திருந்தது. முப்பத்தொரு வயதாகிறது, கல்யாணம் எப்போது என்று கேட்கிற ஊரில் என் அப்பா மட்டும் கேட்காமல் என் மையைப் பற்றிப் பேசுகிறார், அதை எப்படி நிறுத்துவது. இரண்டு விரல். இரண்டு விரல் போனால் மனுசன் நடப்பான், பிரேக்கைக்கூட மிதிப்பான்.

கதவு திறக்கிறது. வசுமதி மேடம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டைமரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை. "எவ்ளோ நேரம் இருக்கு?" "பதினொண்ணு, மேடம்." "நடுவைத்தானே வெட்டுன? ஓரத்தை எடுத்து வெச்சு ஏமாந்துடாத." "நடுதான் மேடம்." சரி என்று திரும்பப் போனவரை நான் ஏன் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. "மேடம், இது நல்லா வந்துச்சுன்னா?" "வந்துச்சுன்னா இன்னும் மூணு தடவை பண்ணு. ஒரு தடவை வர்றதெல்லாம் ஒண்ணும் இல்ல." "மூணு தடவையும் வந்தா?" "எலி. அதுக்கு அனுமதி வாங்கவே அடுத்த வருஷம் ஆயிடும்." "மனுசங்களுக்கு?" இப்போது என்னைப் பார்த்தார். மேடம் சிரிக்கிறவர் இல்லை, ஆனால் ஏதோ மென்மையாகத்தான் சொன்னார், "எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு பியூலா. அதுக்குள்ள நான் பார்க்க மாட்டேன். நீ பார்ப்ப. ஏன், யாராவது கேட்டாங்களா?" "இல்ல மேடம்." இல்லை என்றேன். மறுபடியும். கதவு மூடியது. பாருங்கள், எவ்வளவு சுலபமாக வருகிறது, எதிரே இருக்கிற முகம் சுளிக்காமல் இருக்க எந்த வார்த்தை வேண்டுமோ அது வந்து நிற்கிறது, எனக்கு முன்னால் ஓடி வந்து நிற்கிறது.

ஒன்பது நிமிடம். இப்படி ஒரு நினைப்பு வருகிறது, விரட்ட விரட்ட வருகிறது: நடு சிவப்பாக இருந்தால் நல்லது. எல்லாம் செத்துக் கிடந்தால் போனை எடுத்து, "அப்பா, வரலப்பா, செத்துப் போச்சு, நீங்க கையெழுத்துப் போட்டுருங்க" என்று சொல்லிவிடலாம். அதில் பொய் இல்லை. என் மேல் குற்றமும் இல்லை, சோதனை தோற்றது, எல்லா இடத்திலும் தோற்பதுதானே, அப்பா, "போவட்டும் எம்மா, வெசனப்படாத" என்று என்னைத் தேற்றுவார், நான் அழுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். ஏழு நாள் காத்து வளர்த்த செல்களைச் சாகச் சொல்லி வேண்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா இந்நேரம் கட்டில் பக்கத்தில் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருப்பாள், அவள் எதற்காக ஜெபிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். நான் எதற்காக ஜெபிக்க? பச்சை என்றா, சிவப்பு என்றா? எழுந்து நடக்கிறேன், இன்குபேட்டர் வரை ஆறு காலடி, சிங்க் வரை நாலு, பிரிண்டரின் ஊசிமுனை நேற்றே கழற்றித் துடைத்தாயிற்று, மறுபடி துடைக்கிறேன். சிவப்பாக இருந்து, அப்பா தேற்றி, எல்லாம் நடந்து முடிந்தாலும், அடுத்த மாதம் அவர் மற்றக் காலைப் பற்றிக் கேட்பார், இல்லையென்றால் முட்டியைப் பற்றி, "அடுத்த தடவ வந்துரும்லா எம்மா?" என்று கேட்பார், அந்த நம்பிக்கையை நான் அறுக்காதவரை அது புண் மாதிரி உள்ளுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். அதையும் யாராவது வெட்ட வேண்டும். மணி அடிக்கிறது. இன்னும் மூன்று நிமிடம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.

சாயத்தைக் கழுவி, தட்டை அலுமினியத் தாளால் மூடி, வராந்தாவைக் கடந்து இருட்டறைக்குப் போகிறேன். தட்டைத் தாங்கியில் வைத்து, வெளிச்சத்தைத் திறந்து, கண்ணை வைக்கிறேன். முதலில் கறுப்பு. திருகைத் திருப்புகிறேன், மங்கல், இன்னும் கொஞ்சம், இதோ. பச்சை. ஓரத்தில் வைத்துவிட்டேனோ என்று தட்டை நகர்த்துகிறேன், சுரங்கத்தின் வாய் தெரிகிறது, வட்டமாக, சுத்தமாக, அதைச் சுற்றிப் பச்சை, அங்கிருந்து உள்ளே போகப் போகவும் பச்சை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளி, ஒரு மூலையில் மட்டும், அடைத்துக்கொண்ட இழையின் பக்கம், சிவப்புக் கூட்டம், மற்றபடி பச்சை, உருண்டையாகச் சுருங்கிக் கிடக்கவில்லை, கை கால் நீட்டிப் படர்ந்திருக்கின்றன, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுவில், சரியாக நடுவில். நாலு வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்டது. கண்ணை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தேன், அப்படியேதான் இருக்கிறது. ஓடிப்போய் மேடத்திடம் சொல்ல வேண்டும், சொல்லவில்லை, சிவப்பு மூலை உட்பட ஒன்பது படம் எடுத்தேன், பெயரும் தேதியும் போட்டுச் சேமித்தேன், எல்லாம் வரிசையாகச் செய்தேன், செய்து முடித்ததும் இனி செய்ய வேறு ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. சாக்கு எதுவும் மிச்சமில்லை. பச்சையாக வந்து என்னை மாட்டிவிட்டது. போனை எடுத்தேன்.

அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தான். "அப்பாட்ட குடு" என்றேன். வார்டுச் சத்தம், ஏதோ தள்ளுவண்டி, பிறகு அப்பாவின் மூச்சு. "எம்மா. வந்துட்டா?" வரவில்லை என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது, அதை விழுங்கினேன். "வந்துட்டுப்பா. நல்லா வந்துருக்கு. நடுவுல எல்லாம் உசுரோட இருக்கு." "கேட்டியால ஜெபா!" என்று அவர் அந்தப் பக்கம் கத்தினார். "அப்பா. அப்பா, கேளுங்க. இது உங்க காலுக்கு ஆகாது." "ஏன், பத்தாதா? சின்னதா இருக்கா?" "நகம் அளவுதாம்பா இருக்கு. அதுக்காவச் சொல்லல. இன்னும் மூணு தடவ செய்யணும், பொறவு எலிக்கு வைக்கணும், பொறவு வேற வேற. மனுசனுக்கு வர பத்து வருசம் ஆவும், அதுக்கு மேலயும் ஆவும், வராமலும் போவும். உங்க புண்ணுக்குள்ள இத வச்சா ஒரு நாள் தாங்காது. டாக்டரு சொல்லுததக் கேளுங்க." "நீ சீக்கிரம்னு சொன்னியே." "சொன்னேன். பொய்ப்பா. நீங்க சிரிச்சியளா, அந்த முகத்தப் பாத்துட்டு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். அப்பவே எனக்குத் தெரியும்." பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். பிறகு அப்பா பேசினார், கோபமில்லாத குரலில், அதுதான் தாங்கவில்லை. "அத தை மாசமே சொல்லிருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும் பியூலா." "ஆமாப்பா." மன்னித்துவிடுங்கள் என்று சொன்னால் அவர் என்னைத் தேற்ற வேண்டிவரும், அந்த வேலையையும் அவரிடம் கொடுக்கக் கூடாது. "நான் இன்னைக்கே கெளம்பி வாரேன்" என்று மட்டும் சொன்னேன். "வா" என்றார். பிறகு, "ஏல ஜெபா, அந்தத் தாளக் கொண்டா."

போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டார் போலிருக்கிறது, அணைக்கவில்லை. தாள் புரள்கிற சத்தம் கேட்டது. ஒரு நர்ஸின் குரல், சின்ன வயது, "இங்க போடுங்கய்யா. இங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் போடணும்." "சுருக்கமாப் போட்டா போதுமா?" "இல்லய்யா, முழுப் பேரு." அம்மா அழுகிறாள் என்று நினைக்கிறேன், அல்லது ஜெபம் சொல்கிறாள், இரண்டும் அவளுக்கு ஒரே சத்தம்தான். கொஞ்சம் தள்ளி டாக்டராக இருக்க வேண்டும், ஒரு ஆண் குரல் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தது, மூன்று மணிக்கே ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம், இப்போதே செய்தால் குதிகால் தப்பும், குதிகால் இருந்தால் தனிச் செருப்பு வைத்து நடக்கலாம். குதிகால் தப்பும். நான் இருட்டறையில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன், காது போனில் ஒட்டிக்கொண்டு சுட்டது. அப்பா எழுதிக்கொண்டிருந்தார். ட்ரிப் சீட்டில் கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கிறுக்கலாகிப்போன கை, முழுப் பெயர் எழுதி வருஷக்கணக்காகியிருக்கும், எழுதும்போதே எழுத்து எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார், ஞா, ன, சி, கா, ம, ணி. அடுத்த பக்கம் புரண்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.